பலருக்காக ஒரு வழக்கு



முப்பது ரூபாயை இழந்த ஒருவர் அதை மீட்க வழக்குத் தொடுப்பாரா? தொடுக்க மாட்டார். வழக்கறிஞரைக் காணச் சென்று திரும்பும் பேருந்துக் கட்டணமே அந்தத் தொகையை விழுங்கிவிடும். ஆனால் அதே முப்பது ரூபாயை ஒரு கோடிப் பேரிடமிருந்து எடுத்துக்கொண்ட கம்பெனிக்கு அது முப்பது கோடி ரூபாய். இழந்தவருக்கு அற்பமாகவும், எடுத்தவருக்குப் பெருஞ்செல்வமாகவும் தோன்றும் இந்தத் தொகைக்கு நியாயம் கேட்பது எவ்வாறு? இக்கேள்விக்கு விடையாகத் தோன்றியதே கூட்டு வழக்கு. பாதிக்கப்பட்ட பலர் சார்பில் ஒருவரோ சிலரோ நீதிமன்றம் செல்வது; தீர்ப்போ ராஜியோ கிடைத்தால் அதன் பயன் எல்லாருக்கும் பகிரப்படுவது. இதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பலருக்குப் பொதுவான உரிமை என்பது நமக்குப் புதிய கருத்தன்று. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரி இருக்கிறது. அந்த ஏரிக்கரையில் சில மீனவ ஊர்களில் 'பாடு' என்றொரு முறை தொன்றுதொட்டு வழங்கி வருகிறது. ஏரியில் வலை கட்டத் தக்க இடங்கள் பாடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உரிமையுள்ள தலைக்கட்டுகள் யார் யார் என்பதற்கு ஊரில் கணக்கு உண்டு. சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்று இவர், நாளை அவர் என்று வலையிடுவார்கள். தண்ணீர் எல்லாருக்கும் பொது. முறை மட்டும் தனித்தனி. பாட்டு உரிமைக்கு இடையூறு வந்தால் தனி மனிதர் புறப்பட்டுப் போய் வாதிடுவதில்லை. ஊர் கூடிப் பேசும். சட்டக் கல்லூரியில் நான் படித்த பல கனமான புத்தகங்கள் சொல்வதை அந்த ஊர்க்காரர்கள் புத்தகமின்றியே அறிந்திருந்தார்கள் என்று நினைப்பதுண்டு.

நிற்க. நமது நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் முதற் கட்டளையின் எட்டாம் விதி என்று ஒன்றிருக்கிறது. ஒரே நலனை உடைய பலர் இருக்கும்போது, நீதிமன்றத்தின் அனுமதியுடன் ஒருவர் எல்லார் சார்பிலும் வழக்காடலாம் என்பது அதன் சாரம். எல்லாருக்கும் அறிவிப்பு அனுப்பவேண்டும். அறிவிப்புச் செலவு வழக்குத் தொடுத்தவருடையது. வழக்கை நடத்துகிறவர் எதிர்க்கட்சியுடன் தனியே கைகுலுக்கிக்கொண்டு ராஜி செய்துகொள்ள முடியாது. மற்றவர்களுக்கெல்லாம் அறிவித்த பின்பே ராஜிக்கு நீதிமன்றம் இசையும். இந்தக் கடைசி நிபந்தனையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பலருக்காகப் பேசப் புறப்பட்டவர் தம் பங்கை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடாமல் தடுக்கும் வேலி அது.

இவ்விதி சென்னையிலேயே பயன்பட்ட வரலாறு உண்டு. அசோக் நகரில் குறைந்த வருவாயினருக்குத் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் வீடுகள் ஒதுக்கியது. பின்னர், இன்னும் பணம் கட்டுங்கள் என்று அவர்களுக்கு வாரியம் கேட்பு அனுப்பியது. ஒதுக்கீடு பெற்றவர் ஒருவர் எல்லார் சார்பிலும் வழக்குத் தொடுத்தார். ஒவ்வொருவருக்கும் அனுப்பிய கேட்பு தனித்தனியானது, ஆகையால் ஒருவர் எல்லாருக்குமாகப் பேச இயலாது என்று வாரியம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 1990-இல் இவ்வாதத்தை ஏற்கவில்லை. நலன் ஒன்றாயிருந்தால் போதும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் பல வழக்குகளில் ஆராயும் தொல்லையைத் தவிர்ப்பதே இவ்விதியின் நோக்கம் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இனி, கடல் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வோம். கூட்டு வழக்கு அங்கே 1966-இல் திருத்தப்பட்ட விதிகளின் மூலம் பெருமரமாக வளர்ந்தது. அங்கே நட்ட ஈடு கேட்கும் வழக்கில், விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்காத ஒவ்வொருவரும் வழக்கில் சேர்ந்தவராகவே கருதப்படுவர். வென்றால்தான் கூலி என்ற உடன்பாட்டின்பேரில் வழக்கறிஞர்கள் தம் சொந்தச் செலவில் வழக்கை நடத்துகிறார்கள். நமது நாட்டில் அவ்வாறு வெற்றியை ஒட்டிக் கூலி பேசுவது வழக்கறிஞர்களுக்கு விலக்கப்பட்டது. அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஆனால் முப்பது ரூபாய் வழக்குக்கு முதல் போடுகிறவர் யார் என்ற கேள்வி இதனால் விடையின்றி நிற்கிறது.

பெரிய கணினித் தொழில் நிறுவனங்கள் மீது அங்கே நடந்த இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். ஆப்பிள் கம்பெனி, தன் பழைய ஐபோன்கள் சிலவற்றில் மின்கலம் தளர்ந்தபோது கருவி திடீரென நின்றுவிடாதிருக்க அதன் வேகத்தை மென்பொருளால் குறைத்து வந்ததாக 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போனை வாங்கியவர்களுக்கு இது முன்கூட்டித் தெளிவாகச் சொல்லப்படவில்லை. கருவி பழையதாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியவர் எத்தனை பேரோ! வழக்குகள் எழுந்தன. 2020-இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, குறைந்தது 31 கோடி டாலரும் கூடியது 50 கோடி டாலரும் தருவதாக அக்கம்பெனி ராஜிக்கு வந்தது. 2024 ஜனவரியில் மனுச் செய்தவர்களுக்கு ஏறத்தாழ 92 டாலர் வீதம் கிடைத்தது.

அமெரிக்கப் பயனாளருக்கு, என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதே போனை அதே காலத்தில் சென்னையில் வாங்கியவருக்கு இந்த ராஜியில் ஒரு காசும் இல்லை.

இரண்டாவது வழக்கு இதைவிட உறுத்துகிறது. ஃபேஸ்புக்கில் 'திஸ் இஸ் யுவர் டிஜிட்டல் லைஃப்' என்றொரு செயலி இருந்தது. அதை நிறுவியவர்களின் விவரங்கள் மட்டுமன்றி அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் அதன் வழியாகக் கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற நிறுவனத்தை அடைந்தன. உலகெங்கும் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018-இல் ஃபேஸ்புக்கே அறிவித்தது. இந்தியாவின் கணக்கு யாது? செயலியை நிறுவியவர்கள் 335 பேர். அவர்களுடைய நட்பின் காரணமாகச் சிக்கியவர்களையும் சேர்த்தால் 5,62,455 பேர். 335 பேர் கதவைத் திறந்தார்கள். ஐந்தரை லட்சம் பேரின் வீட்டுக்குள் அன்னியர் நுழைந்தார்கள். அமெரிக்காவில் தொடுத்த கூட்டு வழக்கு 2022 டிசம்பரில் 72.5 கோடி டாலர் ராஜியில் முடிந்தது. ஒவ்வொருவர் கைக்கும் வந்தது முப்பது டாலரை ஒட்டிய தொகையே. வழக்கறிஞர் கூலி 18 கோடி டாலர் அளவு. இதைக் கேட்டுச் சிலர் நகைக்கிறார்கள். வாதிக்கு முப்பது, வக்கீலுக்குப் பதினெட்டுக் கோடியா என்கிறார்கள். நகைப்பில் நியாயம் உண்டு. ஆனால் கம்பெனியின் பணப்பெட்டியிலிருந்து 72.5 கோடி வெளியே வந்தது என்பதும் உண்மை. இந்தியாவின் 5,62,455 பேர் அந்த ராஜியின் எல்லைக்கு வெளியே நின்றார்கள்.

அமெரிக்காவும் சொர்க்கமன்று. விற்பனை ஒப்பந்தத்தின் பொடி எழுத்துக்குள், 'தகராறு வந்தால் நடுவரிடம் போகவேண்டும். பலர் சேர்ந்து வழக்காடக்கூடாது' என்று ஒரு வாசகத்தைக் கம்பெனிகள் புகுத்தின. போன் இலவசம் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கி, 30 டாலர் 22 சென்ட் வரி கட்ட நேர்ந்த ஒரு தம்பதியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011-இல், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அவ்வாசகம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. நமது நாட்டிலோ, ஒப்பந்தத்தில் நடுவர் வாசகம் இருந்தாலும் நுகர்வோர் மன்றத்தின் கதவு அடைபடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. இந்த ஒன்றில் நாம் அவர்களைவிட நல்ல நிலையில் இருக்கிறோம்.

பழவேற்காட்டுப் பக்கத்து மாணவர் ஒருவர் என்னிடம், "ஐயா, நம் நாட்டில் கூகுளுக்குக் கூட அபராதம் போட்டார்களே, அந்தப் பணம் எங்கே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு தொடர்பாகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அத்தொகையை நிலைநிறுத்தியது. அபராதம் என்பது அரசாங்கக் கருவூலத்துக்கு உரியது. போனை வாங்கியவருக்கு அதில் பங்கில்லை. நட்ட ஈடு வேறு, அபராதம் வேறு. போட்டிச் சட்டத்தில் பலர் கூடி நட்ட ஈடு கேட்க ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அதற்குத் தனியே மனுச் செய்யவேண்டும்.

நமது நாட்டுக் கணினித் தொழிலிலேயே ஒரு கசப்பான பாடம் உண்டு. ஐதராபாத்தின் சத்யம் கம்பெனியின் கணக்கு பொய்க் கணக்கு என்று அதன் தலைவரே 2009 ஜனவரி 7-ஆம் நாள் எழுதிக் கொடுத்தார். பங்கின் விலை சரிந்தது. அமெரிக்கச் சந்தையில் பங்கு வாங்கியவர்கள் அங்கே கூட்டு வழக்குத் தொடுத்து 2011-இல் 12.5 கோடி டாலர் பெற்றார்கள். இந்தியச் சந்தையில் வாங்கியவர்கள் சார்பில் ஒரு முதலீட்டாளர் சங்கம் மன்றங்களின் படியேறியும் பயன் இல்லை. பிறகே 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் கூட்டு வழக்குக்கான 245-ஆம் பிரிவு வந்தது. நடைமுறைக்கு வந்தது 2016-இல். பங்குதாரருக்கும் வைப்பாளருக்கும் உரியது அது. பொருள் வாங்கியவருக்கு உரியதன்று.

பொருள் வாங்கியவருக்கு உரியது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டப்படி 2020-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. நுகர்வோர் எல்லாரையும் ஒரு தொகுதியாகக் கருதி உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் ரத்தான விமானப் பயணங்களின் பணத்தைத் திருப்பித் தராத இணைய முகவர்களை அது பிடித்தது. யாத்ரா என்ற நிறுவனம் 2021-இல் 36,276 முன்பதிவுகளுக்கு 26.25 கோடி ரூபாய் பாக்கி வைத்திருந்தது. 2024 ஜூனில் அது 4,837 முன்பதிவுகளாகவும் 2.52 கோடியாகவும் குறைந்தது. 2025 ஆகஸ்டில் ராபிடோ என்ற வாடகை வண்டிச் செயலிக்கு வந்த உத்தரவு இன்னும் சுவையானது. "ஐந்து நிமிடத்தில் ஆட்டோ, இல்லையேல் ஐம்பது ரூபாய்" என்று விளம்பரம். கொடுத்ததோ, ஐம்பது வரையிலான 'நாணயங்கள்'. அவை ஏழு நாளில் செல்லாதவையாகிவிடும். இருசக்கர வண்டிப் பயணத்துக்கு மட்டுமே உதவும். ஆணையம் பத்து லட்சம் அபராதம் விதித்ததோடு, ஏமாந்தவர்களுக்கு அந்த ஐம்பது ரூபாயைக் கொடுக்கவும் ஆணையிட்டது. யாரும் தனித்தனியே வழக்காடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கூட்டு வழக்கில் மிகக் கடினமான பகுதி பட்டியல்தான். யார் உள்ளே, யார் வெளியே? இதை விளக்க மீண்டும் பழவேற்காட்டுக் கரைக்கு வருகிறேன். ஏரிக்குத் தெற்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பங்கழியுமாக இருக்கிறது காட்டுப்பள்ளி. அதற்கும் தெற்கே எண்ணூர்க் கழிமுகம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அக்கழிமுகத்தில் பரவியது. தமிழ்நாடு அரசு நிவாரணம் அறிவித்தது: மீனவர் குடும்பங்கள் 2,301-க்குத் தலா 12,500 ரூபாய்; வேறு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500; படகுகள் 787-க்குத் தலா 10,000. நிவாரணம் வேறு, வழக்கில் பெறும் ஈடு வேறு. ஆயினும் பட்டியலின் சிக்கல் இரண்டிலும் ஒன்றே. படகு வைத்திருப்பவரை எண்ணுவது எளிது. கழியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவரையும், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணையும் எந்த ஏட்டில் தேடுவது? பாட்டுக்கு ஊரின் தலைக்கட்டுக் கணக்கு உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை. கணினிக் கம்பெனிகளின் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. யார் எந்த நாள் எதை வாங்கினார் என்ற பட்டியல் கம்பெனியின் கையிலேயே இருக்கிறது. ஆகவே, ஆள் தெரியவில்லை என்று அவர்கள் சொல்லும் சாக்கை நான் எளிதில் ஏற்பதில்லை.

கடைசியாக நடைமுறை பற்றிச் சில சொற்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி, ஒரே நலனுடைய பலருக்காக ஒருவர், மன்றத்தின் அனுமதி பெற்று, புகார் கொடுக்கலாம். புகார்தாரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். காட்டுப்பள்ளிக்காரருக்குத் திருவள்ளூர் போதும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. ஆனால் நலன் ஒன்றே என்பதை மனுவிலேயே விளக்கிக் காட்டவேண்டும். பெங்களூரில் 1,134 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் 91 பேர் எல்லாருக்குமாகப் புகார் கொடுத்தபோது, அவ்விளக்கம் போதவில்லை. அந்த 91 பேரின் கூட்டுப் புகாராக மட்டும் நடக்கட்டும் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய சட்டத்தின் கீழ் 2016-இல் தேசிய ஆணையம் தந்த தீர்ப்பின்படி, தொகுதியில் உள்ள எல்லாருடைய தொகையையும் கூட்டியே எந்த மன்றம் விசாரிப்பது என்று முடிவு செய்யவேண்டும். இருபதாயிரம் ரூபாய்ப் போனை வாங்கிய ஒரு லட்சம் பேருக்காகப் புகார் எழுந்தால் கூட்டுத்தொகை இருநூறு கோடி. மாவட்ட மன்றத்தின் எல்லை ஐம்பது லட்சம், மாநில ஆணையத்தின் எல்லை இரண்டு கோடி. எனவே இருபதாயிரம் ரூபாய்க்காரர் தில்லிக்கு மனு எழுதவேண்டியவராகிறார். இப்போது மனுவைக் கணினி வழியே அனுப்பவும், விசாரணையில் காணொளி வழியே கலந்துகொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ரயில் கட்டணம் மிச்சம். அறிவிப்புச் செலவு மட்டும் இன்னும் மனுதாரர் தலையில்தான் இருக்கிறது.