உப்பே அரணான உயிர்



திருகோணமலை நகருக்கு வடக்கே உள்ள நிலாவெளி, மீன்பிடிக்கும் உப்பு விளைவுக்கும் பேர்பெற்ற ஊர். மீனும் உப்பும் கூடுமிடத்தில் கருவாடு உண்டு. உப்பிட்ட கருவாட்டின்மேல் சில வேளைகளில் செந்நிறம் படர்ந்து, விலைபோகாமற் செய்துவிடுகிறது. உப்பு எதையும் கெடாமற் காக்கும் என்பார்கள். அவ்வுப்பிலே கெடுதி எங்ஙனம் வந்தது?

கனடாவில் உப்பு மீனைக் கெடுத்த இச்செம்மையை ஹரிசன், கென்னடி என்னும் இருவர் 1922இல் ஆராய்ந்து, அதற்குக் காரணமான நுண்ணுயிரை வெளிப்படுத்தினர். ஹலோபற்றீரியம் சலினாரம் என்பது அதன் இன்றைய பெயர். பெயர் எவ்வாறாயினும் அது பற்றீரியா அன்று. கார்ல் வூஸ், ஜோர்ஜ் பொக்ஸ் ஆகியோர் 1977இல் வேறுபிரித்துக் காட்டியதும், பின்னர் ஆர்க்கியா எனப் பெயர் பெற்றதுமான தனிப் பேரினத்தைச் சேர்ந்தது.

வேற்றுமை அதன் கலச்சுவரிலும் தெரிகிறது. பற்றீரியாக்களின் சுவர் மியூரின் என்ற பொருளால் ஆனது. மியூரின் உருவாவதைத் தடுத்தே பெனிசிலின் அவற்றைக் கொல்கிறது. இவ்வுயிரிலோ மியூரின் இல்லை. ஒரே வகைப் புரதம், பாய் பின்னியதுபோல், அறுகோண ஒழுங்கில் கலத்தைப் போர்த்திருக்கிறது. இவ்வொழுங்கை ஹௌவிங்க் என்பவர் 1956இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டார். அப்புரதம் சீனி மூலக்கூறுகளைப் பூண்டது என்று 1976இல் மெஷரும் ஸ்ட்ரோமிங்கரும் நிறுவினர். சீனி சேர்வதைத் தடுத்தபோது, கோல் வடிவான கலம் உருண்டையாகிவிட்டது.

அப்புரதத்துக்குரிய பரம்பரையலகை 1987இல் லெக்னரும் சும்பரும் படித்தறிந்தனர். 800க்கு மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கோக்கும் கட்டளை அதிலே உண்டு. அவற்றுள் மறையேற்றம் கொண்டவை மிகுதி. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுமல்லவா? உப்பிலுள்ள சோடியம் இடைநின்று அத்தள்ளலைத் தணிக்கிறது; சுவர் நிலைக்கிறது. கடல்நீரில் நூற்றுக்கு 3½ பங்களவில் உள்ள உப்பு, பாத்தியில் 25 பங்கைக் கடக்கும்போதும் இவ்வுயிர் செழிப்பது இதனாலேயே. நன்னீரில் இட்டாலோ சுவர் குலைந்து கலம் வெடித்துவிடும்.

ஆகவே, செம்மை கண்ட கருவாட்டுக்கு மேலும் உப்பிடுதல் பகைவனுக்கு அரண் கட்டிக் கொடுப்பதாகும். ஒருமுறை மீனுக்கிட்ட உப்பை மறுமுறை இடாதிருத்தல், தொட்டிகளையும் தட்டுக்களையும் நன்னீரால் கழுவுதல், கருவாட்டை நன்கு உலர்த்தி ஈரம் படாமற் குளிர்ந்த இடத்தில் வைத்தல் ஆகியனவே தக்க வழிகள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரின் இயல்பை அறிந்தால், மீனவரின் உழைப்பு வீணாகாமற் காக்கலாம்.