வலிக்கும் விரலும் வலிக்காத விரலும்

(காரிமங்கலத்தில், ஆஸ்பத்திரி ஊழியத்தைத் தாங்கும் சபையார் மத்தியில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்டது கால் கட்டைவிரல் நகம். பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் பிரசவத்தைப் பற்றியோ கண் ஆபரேஷனைப் பற்றியோ பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். உங்கள் காணிக்கை எங்கே செலவாகிறது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னால், அதில் ஒரு பங்கு இந்த நகத்திற்குப் போகிறது. இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போகவேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறோம்.

நம் பக்கத்தில் விரல் நுனியில் எது வீங்கினாலும் நகச்சுற்று என்றுதான் சொல்கிறோம். எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிக்கொண்டு வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறோம். நகச்சுற்று என்பது நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி புகுவது. அது கைவிரலில் அதிகம். நாங்கள் சொல்லும் வியாதி வேறு. கால் நகத்தின் ஓரம் பக்கத்துச் சதையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வளருவது இது. பெரும்பாலும் கட்டைவிரலில்தான் வரும். முதலில் சிவந்து வலிக்கும். பிறகு சீழ் கட்டும். கடைசியில் ஓரத்தில் சிவப்பாய்ச் சதை முளைத்து, துணி பட்டாலே இரத்தம் கசியும். உடம்புக்கு அது தன் நகம் என்று தெரிவதில்லை. காலில் தைத்த முள்ளை எப்படி வெளியே தள்ளப் பார்க்குமோ, அப்படியே இதையும் தள்ளப் பார்க்கிறது. முள் உள்ளே இருக்கிறவரை மாத்திரை எத்தனை விழுங்கினாலும் புண் ஆறாது. கடையில் கேட்டு வாங்கி மூன்று நான்கு வகை மாத்திரை தின்று முடித்துவிட்டு எங்களிடம் வருகிறவர்கள்தான் அநேகர்.

இது ஏன் வருகிறது? முதல் காரணம் நாம் நகம் வெட்டுகிற விதம். அழகுக்காக இரண்டு ஓரத்தையும் வளைத்து ஆழமாக வெட்டுகிறோம். கண்ணுக்குத் தெரியாமல் மூலையில் ஒரு சிறு கூர் மிஞ்சிவிடுகிறது. நகம் வளர வளர அந்தக் கூர் முன்னே போகாமல் சதைக்குள் போகிறது. வலிக்கிறதென்று பிளேடால் இன்னும் தோண்டுகிறோம். கூர் இன்னும் ஆழத்திற்குப் போகிறது. இரண்டாவது, இறுக்கமான செருப்பும் ஷூவும். கல் விழுந்தது, மாடு மிதித்தது, எப்போதும் வியர்த்து ஊறும் கால், பிறவியிலேயே வளைந்த நகம், இவையும் உண்டு.

இந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தொழிற்சாலையில் முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ கொடுக்கிறார்கள். நல்லதுதான், அது விரலைக் காப்பாற்றுகிறது. ஆனால் அளவு சிறியதாக இருந்தால் ஷிப்ட் முழுவதும் விரலை நெருக்கிப் பிழிகிறது. அப்படிப்பட்ட ஒரு தம்பி ஷூவின் முன்பாகத்தை அறுத்துவிட்டு, அதைப் போட்டுக்கொண்டே எங்களிடம் வந்தார். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே அவருக்கு இது சின்ன வியாதி அல்ல.

ஆரம்பத்தில் வந்தால் கத்தியே வேண்டாம். காலை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நகத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கி, அடியில் துளி பஞ்சைத் திரித்து வைக்கிறோம். தினமும் பஞ்சை மாற்றி, விரல் திறந்த செருப்பு போட்டால், சில வாரங்களில் நகம் சதையைத் தாண்டி வளர்ந்துவிடும். முற்றிப்போனால் சின்ன ஆபரேஷன். விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போட்டு, குத்துகிற ஓரத்தை மட்டும் ஒரு கீற்றாகப் பிளந்து எடுக்கிறோம். பிறகு அந்த ஓரத்து நகத்தின் வேரில் பீனால் தடவுகிறோம். அந்தக் கீற்று மறுபடி முளைக்காது. பீனால் என்பது கார்பாலிக் அமிலந்தான். 1865-இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் காயங்களில் கிருமியைக் கொல்ல உபயோகித்த அதே மருந்து. நகத்தின் வேருக்கு 1945 முதல் உபயோகமாகிறது. ஒரு சின்ன பாட்டில் எங்களுக்குப் பல மாதம் வரும். ஆபரேஷன் முடிந்து நோயாளி தானே நடந்து வீட்டுக்குப் போகிறார். சில வாரங்கள் நீர் கசியும், அவ்வளவே.

முழு நகத்தையும் பிடுங்கிவிடுங்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. வேரை விட்டுவிட்டு நகத்தை மட்டும் பிடுங்கினால் அது திரும்ப முளைக்க ஒரு வருஷத்திற்குமேல் ஆகும். முளைக்கும்போது மறுபடியும் குத்துகிறது. வீண் வேதனை.

இதுவரை நாங்கள் சொன்னதெல்லாம் வலி உள்ளவர்களின் கதை. வலி இருக்கிறவர் எப்படியும் வந்து சேருவார். எங்களை வருத்துவது வராதவர்கள்.

கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்டு அவர்களை மூத்தவர்கள் அறிவீர்கள். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. விரல் தானாக விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் சூடும் காயமும் அழுத்தமும் தெரியாமல், கவனிக்கப்படாத புண்ணே விரலைத் தின்றுவிடுகிறது என்று அவர் காட்டினார். அதிலிருந்துதான் நுண்ணறை ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பு வந்தது; வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் அந்த வேலை வளர்ந்தது. 1966-இல் அவர் அமெரிக்காவில் கார்வில் என்னும் ஊருக்குப் போய், தொழுநோயாளியின் பாதத்தில் கற்ற அதே பாடம் சர்க்கரை வியாதிக்காரரின் பாதத்திற்கும் பொருந்தும் என்று கண்டார். 2003-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அந்தப் பாடம் இன்றைக்கு நமக்குத்தான் அதிகம் தேவை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நம் தேசத்தில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10.1 கோடி பேர் என்கிறது. கேழ்வரகுக் களி சாப்பிட்டு உழைக்கிற ஊரில் சர்க்கரை எங்கே என்று கேட்கிற காலம் போயிற்று. வருஷங்கள் போகப்போக அது பாத நரம்பை மரக்கச் செய்கிறது. இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. தொழுநோய்க்கு மருந்து உண்டு, கிருமி சாகும். ஆனால் செத்துப்போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. இப்படிப்பட்ட காலில் நகம் சதைக்குள் போனால் வலிக்காது.

எங்களிடம் ஒரு வயதான தாயார் வந்தார்கள். காலுக்காக வரவில்லை, இருமலுக்கு. செருப்பைக் கழற்றும்போது நர்ஸம்மா வாடையைக் கவனித்தார். கட்டைவிரல் ஓரத்தில் சீழ். “வலிக்கலையாம்மா?” என்று கேட்டால், “அது பாட்டுக்கு இருக்கு, ஒண்ணும் பண்ணல” என்றார்கள். கிருமி எலும்புவரை போயிருந்தது. விரலை எடுக்கவேண்டியதாயிற்று, பாதம் தப்பியது. இருமல் வந்திராவிட்டால் பாதமும் போயிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வேதத்தில் ஆசா ராஜாவுக்குக் கால்களில் வியாதி கண்டது என்று இரண்டாம் நாளாகமத்தில் வாசிக்கிறோம். ராஜா வைத்தியர்களைத் தேடிப்போனதைக் காட்டி எங்கள் தொழிலைக் குறைசொல்லுகிற பிரசங்கங்களை நாங்களும் கேட்டிருக்கிறோம்! எங்கள் கவலை வேறு: காலில் வியாதி கண்டவர்கள் வைத்தியரை நேரத்தோடு தேடுவதே இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இது. சபைகள் ஆபரேஷன் தியேட்டருக்கும் பெரிய மிஷின்களுக்கும் மனமுவந்து கொடுக்கின்றன. பெயர்ப்பலகை வைக்கலாம், படம் எடுத்துச் செய்திமடலில் போடலாம். எங்களுக்கு அதிகம் வேண்டியது, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, ஏழைகளின் காலைக் கழுவி, விரலிடுக்கைப் பார்த்து, நகம் வெட்டிவிடுகிற ஒரு சகோதரியின் மாதச் சம்பளம். அவர் கையில் ஒரு நைலான் நூல் இருக்கும். பாதத்தில் அழுத்தி அது வளைகிறபோது, அந்தப் பத்து கிராம் அழுத்தம் தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. பாதத்தின் மேல் நாடியையும் தொட்டுப் பார்ப்பார். நாடி இல்லாத காலில் நாங்கள் கத்தி வைப்பதில்லை, இரத்தக்குழாய் வைத்தியரிடம் முதலில் அனுப்புகிறோம். அரசாங்கம் 2021-இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வருகிற வீட்டில் காலையும் ஒருவர் பார்க்கவேண்டும். இதைப் படம் எடுத்துப் போட முடியாது. வெட்டாமல் தப்பிய காலை எப்படிப் படம் எடுப்பது?

வீட்டில் நீங்கள் செய்யவேண்டியதும் உண்டு. குளித்த பின்பு நகம் மெதுவாயிருக்கும்போது வெட்டுங்கள். நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டவேண்டாம். நகத்தின் மூலை சதைக்கு வெளியே கண்ணுக்குத் தெரியவேண்டும். நகத்தின் நடுவில் வெட்டு போட்டால் ஓரம் உள்ளே வளராது என்று சிலர் சொல்வார்கள். அதில் பிரயோஜனமில்லை, நகம் வேரிலிருந்து வளருகிறது. செருப்பு, ஷூ சாயங்காலத்தில் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். காகிதத்தில் பாதத்தை வைத்துக் கோடு வரைந்து, அதன்மேல் ஷூவை வைத்துப் பாருங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூவையும் இப்படியே பாருங்கள். ‘அடுத்த வருஷமும் போடலாம்’ என்று விடுகிறதினால் அநேகம் பிள்ளைகள் வருகிறார்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேலே சொன்ன வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தியத்தை நீங்களாக வீட்டில் செய்யவேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கொப்பளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். நகத்தையும் நீங்களாக ஆழமாக வெட்டவேண்டாம். தினமும் இராத்திரி காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வையுங்கள், அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, வீக்கம், நீர், வாடை எது இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், மறுநாளே வந்துவிடுங்கள்.

கோவில் பின்புறத்தில் நர்ஸ்மார் இரண்டு பேர் பேசினும் டவலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் அங்கே காலைக் காட்டிவிட்டுப் பிறகு சாப்பாட்டுக்குப் போகலாம். பெரியவர்கள் முதலில் வாருங்கள்.