கடல் மாற்றமும் மீன்குஞ்சுகளும்

கெம்போங் மீன் குழம்பும் நெத்திலிச் சம்பலும் நம் இல்லங்களில் பழகிய உணவுகள். அம்மீன்கள் வளரும் கடலில் நிகழ்ந்துவரும் ஒரு மாற்றத்தை நாம் அறிந்திருத்தல் நலம்.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் எழும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உட்கொள்கிறது. புவியில் தேங்கும் மிகை வெப்பத்தில் 90 விழுக்காட்டிற்கு மேல் கடலையே சேர்கிறது. நீரில் கரைந்த வாயு அமிலமாகிறது. கடல்நீர் இன்றும் காரத்தன்மை உடையதே. எனினும் தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த அதன் அளவீடு இன்று 8.1 ஆகக் குறைந்துள்ளது. இதன் பொருள், அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது என்பதாகும். சிறிதளவு அமிலம் ரப்பர் பாலை உறையச் செய்வதை அறிந்த நமக்கு, சிறு அளவின் வலிமையை விளக்க வேண்டியதில்லை.

வளர்ந்த மீன் குளிர்ந்த நீரை நாடிச் செல்லும், முட்டையால் இயலாது. வெப்பம் மிகுந்தால், முட்டைக்குள் இருக்கும் கரு தன் மஞ்சட்கருவை விரைவில் தீர்த்துவிடுகிறது. உயிர்க்காற்றின் தேவை கூடுகிறது. சூடான நீரிலோ அது குறைகிறது. பொரித்த குஞ்சுக்குச் செவுள் முழுமையாக வளர்ந்திராததால் அமிலத்தைத் தாங்கும் ஆற்றலும் குறைவு. இந்நூற்றாண்டின் இறுதியில் எதிர்பார்க்கப்படும் அமில அளவில் ஐரோப்பியக் காட் மீன்குஞ்சுகளை அறிஞர்கள் வளர்த்துப் பார்த்தனர். முதல் 25 நாள்களில் அவற்றின் அன்றாட இறப்பு இருமடங்காயிற்று என 2016ஆம் ஆண்டு அறிவித்தனர். எல்லா மீனினமும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை என்பதும் உண்மையே.

நம் நாட்டிலும் 2010ஆம் ஆண்டு தியோமான், ரெடாங் தீவுகளின் பவளப்பாறைகள் வெப்பத்தால் வெளிறின. வெளிறிய பவளம் மீளாது மடியுமாயின், அங்கு ஒதுங்கும் குஞ்சுகள் புகலிடம் இழக்கும்.

கடலின் வெப்பத்தை நாம் தனித்துத் தணிக்க இயலாது. ஆயினும் குஞ்சுகளின் மீது வேறு சுமை ஏறாமல் காக்க இயலும். இளங்கன்றுகளுக்கு நாற்றங்கால் எவ்வாறோ, அவ்வாறே மீன்குஞ்சுகளுக்குச் சதுப்புநிலக் காடுகளும் ஆற்று முகத்துவாரங்களும். பேராக் மாநிலத்து மாத்தாங் காடு இதற்கு நல்ல சான்று. நம் தோட்டத்து ஓடைகளும் ஆறுகளின் வழியே கடலையே சென்றடைகின்றன. ஆகவே களைக்கொல்லிக் கலன்களை ஓடையில் கழுவுவதையும், குப்பையை அதில் கொட்டுவதையும் அறவே தவிர்ப்போம். நம் பிள்ளைகளுக்கும் இதனை எடுத்துரைப்போம். அவர்கள் காலத்திலும் கடலில் மீன்வளம் குன்றாதிருக்க இது நம்மாலான பணியாகும்.