ஆடுகிற குறியும் அவசரத் தீர்ப்பும்

(ஜோகூர் தோட்டத் தொழிலாளர் வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



டீசல் எஞ்சின் கரும்புகை கக்குகிறது. மெக்கானிக் டைமிங் விளக்கைப் பிடித்துப் பார்க்கிறார். சக்கரத்தின் குறி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் ஆடுகிறது. உடனே, "பம்ப் போய்விட்டது, டிரைவர் கவனிக்கவில்லை" என்று தீர்ப்பு! இது அவசரத் தீர்ப்பு என்கிறேன்.

பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக்கைப் பார்த்திருக்கிறீர்கள். நுரை நின்றாலும், மிதவை பாத்திரத்தில் உரசினாலும் அளவு தப்பும். அதற்குப் பால்வெட்டுக்காரனையா குறை சொல்வது?

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போல் தீப்பொறி கிடையாது. ஆகவே விளக்குக்குச் செய்தி கொடுப்பது, முதல் சிலிண்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாயில் மாட்டிய கவ்வி. பம்ப் எண்ணெயைத் தள்ளும்போது அந்த இரும்புக் குழாய் கண்ணுக்குத் தெரியாத அளவு விரிகிறது. கவ்வி அதை உணருகிறது. குழாயில் பெயிண்ட் இருந்தாலும், கவ்வி பருமனுக்குப் பொருந்தாவிட்டாலும், வளைவில் மாட்டினாலும் குறி ஆடத்தான் செய்யும். குழாயைப் பளபளவென்று தேய்த்து, நேரான பகுதியில் மாட்டிப் பாருங்கள்.

பிறகு காற்று. டாங்கியிலிருந்து வரும் குழாயில் ஒரு மூட்டு தளர்ந்தால் போதும், எண்ணெயோடு காற்றும் போகும். காற்றை வெளியேற்றுங்கள். ஆனால் ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்திக் கையை நீட்டாதீர்கள். அந்த எண்ணெய்க்குக் காற்று மண்டலத்தைப்போல் 100 மடங்குக்கு மேல் அழுத்தம். தோலைத் துளைத்துவிட்டால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி!

இன்னும் ஆடுகிறதா? எஞ்சினின் வேகமே ஏறி இறங்குகிறதா என்று காதால் கேளுங்கள். அப்படியானால் கவர்னரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, வரிசைப் பம்ப் உள்ள எஞ்சினை நிறுத்திவிட்டுச் சோதிக்கலாம். முதல் டெலிவரி வால்வைக் கழற்றி வளைகுழாய் மாட்டி, சக்கரத்தைக் கையால், ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். எண்ணெய் வழிவது நிற்கும் இடம்தான் பம்ப் தள்ளத் தொடங்கும் இடம். மூன்று முறையும் ஒரே இடமென்றால் பம்பை இணைத்த நிலை ஆடவில்லை. இடம் மாறிக்கொண்டே இருந்தால், இணைப்பிலோ பல்சக்கரத்திலோ தேய்மானம். அது பல நாள் ஓட்டத்தில் வருவது. ஒருவரின் ஒருநாள் அசட்டை அல்ல.

கிராணிமார்களே, பம்பைக் கழற்றும் முன்பே இந்த அளவுகளைத் தேதியோடு புத்தகத்தில் எழுதுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, நடத்தைக் குற்றம் சாட்டி வேலை நீக்குமுன் முறையான விசாரணை நடக்க வேண்டும். 24-ஆம் பிரிவோ, சட்டத்தில் இடமில்லாத எந்தப் பிடித்தத்தையும் சம்பளத்தில் அனுமதிப்பதில்லை. அந்த விசாரணை மேசையில் டிரைவருக்காகப் பேசப்போவது நீங்கள் எழுதிய அந்த மூன்று வரிகள்தான்.