கம்ப்யூட்டருக்குள் ஒரு பூட்டு
(மட்டாஞ்சேரிக் கூட்டத்தில் பேசியது)



சில வருஷங்களுக்கு முன் என் கம்ப்யூட்டர் நின்றுபோயிற்று. ரிப்பேர் பார்க்க வந்த பையன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டி, "எல்லா ஃபைலும் பத்திரமா இருக்கு சார்" என்று திறந்து காட்டினான். பென்ஷன் கணக்கு, வருமான வரி, பாங்க் நம்பர்கள், பேரன் ஜாதகம், எல்லாம் திரையில்! எனக்கு வியர்த்துவிட்டது. தினமும் நான் பாஸ்வேர்ட் போட்டுத் திறந்த கம்ப்யூட்டர் அது. அவனுக்கு அந்த பாஸ்வேர்டே தேவைப்படவில்லை.

அது வாசல் பூட்டு மட்டுமே. பெட்டியையே தூக்கிக்கொண்டு போகிறவனை அது தடுக்காது. உள்ளே இருக்கும் எழுத்தையே மாற்றி வைக்க வேண்டும். அதற்குத்தான் என்க்ரிப்ஷன் என்று பெயர்.

எழுத்தை எண்ணாக்குவது நமக்குப் புதிதல்ல. கடபயாதிப்படி மாயாமாளவகௌளையில் மா 5, யா 1. திருப்பிப் படித்தால் 15-ஆவது மேளம். ஆனால் விதி தெரிந்த எவரும் அதைப் படித்துவிடலாம். 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். முறையிலும் விதி ஊரறிந்ததுதான். இரண்டு பெல்ஜியக்காரர்கள் வகுத்தது. ரகசியம் சாவி மட்டும். 256 பிட் சாவி என்றால், இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும்!

விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர் கூடவே வருகிறது. இலவசமாக வேண்டுமென்றால் வெராகிரிப்ட். பழைய ட்ரூகிரிப்ட் வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். அதைச் செய்தவர்களே 2014-இல் கைவிட்டுவிட்டார்கள். புது லேப்டாப்புகள் சில தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. அவற்றுக்கு 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. அது எங்கே இருக்கிறதென்று இன்றே பார்த்துவையுங்கள்.

இதையெல்லாம் உற்சாகமாக என் நண்பர் ஒருவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவரும் வெராகிரிப்டில் பூட்டினார். திடீரென்று காலமாகிவிட்டார். டெபாசிட் விவரம், குடும்பப் படங்கள் எல்லாம் உள்ளே. பிள்ளை வந்து குலதெய்வத்தின் பெயர் வரை போட்டுப் பார்த்தான், திறக்கவில்லை. மாமி என்னிடம், "அண்ணா, நீங்க ஸயன்ஸ் படிச்சவராச்சே, ஏதாவது வழி இருக்கா?" என்றாள். டெபாசிட்டுகளை பாங்க் பாங்காக ஏறி இறங்கிக் கண்டுபிடித்தோம். படங்கள் போனது போனதுதான்.

பூட்டக் கற்றுக்கொடுத்த நான், சாவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது என் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பிரித்து, ஒரு தடவை தானே திறந்து பார்த்து, மறுபடி ஒட்டி வைத்தாள் என் ஆத்துக்காரி. கவர் இருக்கும் இடத்தை இங்கே சொல்வதற்கில்லை.