கியோட்டோவின் அடங்கிய பலகைகள்

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில், 24 மணி நேரச் சில்லறைக் கடையின் முகப்புக்குப் புது வண்ணம் அடிப்பதும் நகராட்சி பார்க்கும் விஷயம்தான். 2004-இல் வந்த நிலக்காட்சிச் சட்டம் உள்ளூர் நிர்வாகங்களுக்கு இந்த அதிகாரத்தைத் தந்தது. 2007-இல் கியோட்டோ அதை முழு வீச்சில் பயன்படுத்தியது. மொட்டை மாடி விளம்பரங்களுக்கும் மின்னி மின்னி எரியும் விளக்குகளுக்கும் நகரெங்கும் தடை. மையப் பகுதியில் 45 மீட்டர் வரை எழும்பலாம் என்றிருந்த கட்டட உயரம் 31 மீட்டராகக் குறைந்தது.

கடையின் வெளித்தோற்றத்தை மாற்ற நினைப்பவர் முதலில் வரைபடத்தோடு நகராட்சிக்குப் போக வேண்டும். கூரை, சுவர் வண்ணம், பலகையின் அளவு, இடம் எல்லாம் அந்தந்த வட்டார விதிகளுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பளிச்சென்ற நிறங்களுக்குத்தான் கெடுபிடி அதிகம். அதனால் மற்ற ஊர்களில் நீலமாக ஒளிரும் லாசன் கடைப் பலகை, இங்கே சில தெருக்களில் வெள்ளைப் பின்னணிக்கு மாறியிருக்கிறது. மெக்டொனால்ட்ஸின் சிவப்பு, பழுப்பாகிவிட்டது. யாசகா கோயில் வட்டாரத்தில் மரச்சட்ட முகப்போடு நிற்கும் கடையைப் பழைய வீடு என்றே நினைக்கத் தோன்றும்.

தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்று தவிக்கும் வியாபாரிக்கு இது கசக்கத்தான் செய்யும். முன்பே மாட்டியிருந்த பலகைகளுக்கு 7 ஆண்டு அவகாசம் கிடைத்தது. அது 2014-இல் முடிந்தது.