தோட்டத்துக்கும் ஓர் ஆரம்பக் கூட்டம் வேண்டும்

(மட்டக்களப்பு வாவிக்கரைக் கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



மட்டக்களப்பு நாட்டிலே 'வேளாண்மை' என்றால் நெல். "இம்முறை எத்தனை ஏக்கர் வேளாண்மை?" என்று ஒருவரை வினவினால் அவர் தம் வயலைத்தான் கணக்கிட்டுச் சொல்வார். அவருடைய வளவிலே அரை ஏக்கரில் கத்தரியும் வெண்டியும் கொச்சிக்காயும் காய்த்துக் குலுங்கினாலும் அஃது அந்தக் கணக்கில் சேராது. அதற்குப் பெயர் தோட்டம். வயல் செய்பவர் போடியார்; தோட்டம் செய்பவர் வெறும் தோட்டக்காரர்.

ஊர் வழக்கில் உள்ள இந்த வேற்றுமை நாட்டின் சட்டத்திலும் நிருவாகத்திலும் அப்படியே பதிந்து கிடக்கின்றது. அதைப் பற்றித்தான் நாம் இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

நெல்லுக்கு உள்ளவற்றை முதலில் எண்ணிப் பாருங்கள். உன்னிச்சைக் குளம் இருக்கின்றது, நவகிரிக் குளம் இருக்கின்றது, உறுகாமம் இருக்கின்றது. குளத்து நீரைப் பங்கிட முறை இருக்கின்றது. ஊர் வழமைகளுக்குச் சட்டத்தின் வலுவைக் கொடுத்த நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் 1856 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. போகம் தொடங்குமுன் அரசாங்க அதிகாரிகள் முன்னிலையில் ஆரம்பக் கூட்டம் கூடுகின்றது. எந்த நாளில் விதைப்பது, எந்த நாளில் மதகு திறப்பது, எந்த நாளில் மாடுகளை அப்புறப்படுத்துவது என்பன அங்கே தீர்மானமாகின்றன. வாய்க்காலைக் காக்க வட்டவிதானை இருந்தார். 1958 இல் நெற்காணிச் சட்டம் பிறந்தது. 1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபை பிறந்தது. இவ்வளவும் இருந்தும் நெற்கமக்காரர் துன்பம் தீர்ந்ததென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அவர் முறையிடுவதற்கு ஓர் இடம் இருக்கின்றது. கூடிப் பேசுவதற்கு ஒரு நாள் இருக்கின்றது. தோட்டக்காரருக்கு அந்த இடமும் இல்லை, அந்த நாளும் இல்லை.

வாவிக்கு மேற்கே படுவான்கரை. அது வயல் நிலம். வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்பட்டி எழுவான்கரை. சில இடங்களில் அதன் அகலம் ஒரு மைல்கூட இல்லை. குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று தெற்கே நீளும் ஊர்களில் அந்த மணலைத்தான் மக்கள் தோட்டமாக்கியிருக்கின்றார்கள். களுதாவளை வெற்றிலைக்கு மட்டுமன்றி மரக்கறிக்கும் பெயர் பெற்ற ஊர். மணல் எதையும் பிடித்து வைக்காது. ஊற்றிய நீரும் இட்ட பசளையும் அடுத்த நாளே கீழிறங்கும். அந்த மணலில் பயிர் விளைந்தால் அது விளைவித்தவருடைய உழைப்பின் விளைவே.

அந்த உழைப்பின் ஒழுங்கைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று மழை கொட்டுகின்றது. நிலத்தடி நீர் மேலெழுந்து பள்ளங்களை நிரப்புகின்றது. அம்மழை ஓயும் காலத்துக்கு ஏற்ப மார்கழியில் உயர்ந்த மேடையிலே நாற்றுப் பாவுகின்றார்கள். தைப்பொங்கலை ஒட்டி நிலத்தைக் கொத்தி, எருவிட்டு, நூல் பிடித்து வரிசை போடுகின்றார்கள். கத்தரிக்கு வரிசைக்கு வரிசை 3 அடி, கன்றுக்குக் கன்று 2 அடி. மிளகாய்க்கு அதனினும் நெருக்கம். வெயில் தாழ்ந்த பின் நட்டு, மறுநாள் வெயில் சுடாதபடி தென்னோலைத் துண்டால் நிழல் கொடுக்கின்றார்கள். வெண்டி ஏறக்குறைய 45 அல்லது 50 நாளில் முதற்காய் தருகின்றது; கத்தரிக்கு நட்டபின் இரண்டு மாதம் அல்லது அதற்குச் சற்று மேல் ஆகின்றது. சித்திரை கழிந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மணல் அனலாகும். அந்தக் காலத்தில் காலையும் மாலையும் நீர் வார்க்காத தோட்டம் தோட்டமாக இராது.

அறுவடைதான் தோட்டத்தின் உண்மையான பாரம். நெல்லை ஒருமுறை வெட்டுகின்றோம்; வெண்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். நாலு நாள் விட்டால் நாரோடி மாட்டுக்குத்தான் போடலாம். பயற்றங்காயும் அத்தகையதே. இப்பறிப்பு வேலையில் பெரும்பகுதியைச் செய்வோர் பெண்கள். குனிந்த முதுகு நிமிராமல் வரிசை வரிசையாகப் பறித்து, தரம் பிரித்து, சாக்கில் கட்டிக் கொடுக்கும் அப்பெண்களுக்கு ஆண்களுக்குக் கிடைக்கும் நாட்கூலி கிடைப்பதில்லை. மரக்கறி விலையைப் பற்றிப் பேசுவோர் இந்த அநீதியையும் பேச வேண்டும்.

நெல் களஞ்சியத்தில் காத்திருக்கும். பறித்த காய் காத்திராது. விலை பேசுவதற்குத் தோட்டக்காரருக்கு உள்ள அவகாசம் ஓர் இரவு மட்டுமே. ஆகவேதான் சந்தையில் அவர் எப்போதும் தாழ்ந்து நிற்கின்றார். ஒரே மழைக்குப் பின் எல்லோரும் ஒரே கிழமையில் நடுகின்றார்கள்; ஒரே கிழமையில் எல்லோருக்கும் காய்க்கின்றது; அந்தக் கிழமையில் விலை விழுகின்றது. 1999 இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டபின், அங்கே விடியற்காலையில் கூறப்படும் விலை இங்கே களுதாவளைத் தோட்டத்தையும் அசைக்கின்றது. அந்த விலையைக் கூறும் இடத்தில் எங்கள் தோட்டக்காரருக்கு வாயில்லை.

அரசாங்கக் கொள்கை ஒரு பயிரை எழுப்பவும் வீழ்த்தவும் வல்லது என்பதற்கு நம் கண்முன் சான்று உண்டு. 1970 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் படித்த வாலிபரும் மண்வெட்டி எடுத்தனர், கல்வீடுகள் எழுந்தன. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் கப்பலில் வந்து இறங்கின. அந்தத் தோட்டங்கள் தளர்ந்தன. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தனர். நவம்பரில் தடையை நீக்கினர். இந்த இரு தீர்மானங்களுக்கு முன்பும் தோட்டக்காரரை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குக் கூடிய சபை ஒன்று இருந்தாலல்லவோ கேட்பார்கள்?

2018 இல் பயிர்க் காப்புறுதித் திட்டம் விரிவாக்கப்பட்டபோது அதில் இடம்பெற்றவை ஆறு பயிர்கள்: நெல், சோளம், சோயா, உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், மிளகாய். கத்தரியும் வெண்டியும் பயற்றையும் பாகலும் அந்த வரிசையில் இல்லை. 1957 டிசம்பர் வெள்ளத்தையும், 1978 நவம்பர்ச் சூறாவளியையும், 2011 சனவரி வெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது. வெள்ளம் நெல்லை மட்டும் தேடிப்பிடித்து அழிப்பதில்லை.

இனி, எல்லாவற்றிலும் பெரிய விடயத்துக்கு வருவோம். அது தண்ணீர்.

வயலுக்குக் குளம் கண்ணுக்குத் தெரிகின்றது. தோட்டத்துக்கும் ஒரு குளம் உண்டு. அது மணலுக்கு அடியில் இருக்கின்றது. மாரி மழை மணலினூடு இறங்கி, கீழேயுள்ள உப்பு நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. ஒருபுறம் கடல், மறுபுறம் கோடையில் உப்பேறும் வாவி, நடுவே இந்த நன்னீர். இயற்கை நூலார் இதற்கு ஒரு கணக்குச் சொல்கின்றனர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். மறுபக்கமாகப் பாருங்கள்: நீர்மட்டம் 1 அடி நிலையாகத் தாழ்ந்துவிட்டால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலேறி வரப் பார்க்கும்.

முன்னாளில் துரவில் இறங்கி இரு குடங்களில் மொண்டு வார்த்தார்கள். கோடையில் ஒரு நாளில் 5 மில்லிமீற்றர் நீர் பயிருக்கு வேண்டுமென்று கொண்டால் ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 20,000 லீற்றர் வேண்டும். 15 லீற்றர்க் குடத்தால் வார்ப்பதாயின் ஆயிரத்து முந்நூறு குடத்துக்கு மேல்! மனிதனின் தோள் அந்த அளவுக்கு இடங்கொடுக்காது. ஆகவே அவன் கால் ஏக்கரோடு நின்றான். மண்ணுக்குக் கீழுள்ள குளத்தைக் காத்தது சட்டமன்று, தோள்தான் காத்தது. இன்று இயந்திரம் இறைக்கின்றது. இயந்திரத்துக்குத் தோள்வலி இல்லை. நாம் இயந்திரத்தை வெறுக்கவில்லை. அது மனிதனின் முதுகை நிமிர்த்தியது. ஆனால் தோள் விதித்த எல்லையை இயந்திரம் நீக்கிவிட்ட பின், வேறோர் எல்லையை நாம் கூடித்தான் விதிக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையின் கிணறுகளை உப்பாக்கியது. கிணற்றை மீண்டும் மீண்டும் இறைத்தால் உப்புப் போய்விடும் என்று பலர் முயன்றனர். மிகையாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும் என்று நிலத்தடி நீரை ஆராய்ந்தோர் எச்சரித்தனர். கடைசியில் கிணறுகளைக் கழுவியது மாரி மழைதான். அந்த மழை நிலத்தில் இறங்குவதற்குப் பள்ளங்களும் திறந்த மணலும் வேண்டும். அவற்றை மண்ணிட்டு நிரப்பி மதில் கட்டும் ஒவ்வொருவரும் அடுத்தவர் கிணற்றின் வாயை அடைக்கின்றார்.

மேலே இடும் பசளையும் அந்தக் குளத்தில்தான் சேர்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. செறிவான தோட்டச் செய்கை நடைபெறும் யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எழுவான்கரை மணலும் கற்பிட்டி மணலைப் போன்றதே. தோட்டத்துக் கிணறும் குழந்தைக்குப் பால் கரைக்கும் கிணறும் ஒரே நீரை மொள்ளுகின்றன.

"கிணறு என் வளவில் இருக்கின்றது, என் கிணற்று நீருக்கு ஊரார் ஏன் கூட்டம் கூட வேண்டும்?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. கிணற்றின் கட்டு உங்களுடையது. உள்ளே ஊறும் நீர் ஊருடையது. குளத்தில் அவரவர் குடத்தை அவரவர் வைத்திருந்தாலும் குளம் பொதுவல்லவா? ஆகவே குளத்துக்கு உள்ள முறை இதற்கும் வேண்டும்.

நாம் வேண்டுவன மூன்று.

முதலாவது, ஆண்டுதோறும் நாற்றுப் பாவுவதற்கு முன், ஒவ்வொரு கமநல சேவை நிலையமும் தோட்டச் செய்கைக்கென்று ஆரம்பக் கூட்டம் கூட்ட வேண்டும். 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்கு இடமளிக்கின்றது. அவற்றிலே தோட்டக்காரரும், பறிக்கும் பெண்களும் குரல் பெறவேண்டும். எந்தப் பயிரை எவ்வளவு நடுவது, யார் எந்தக் கிழமையில் நடுவது என்று அங்கே பேசி முடித்தால், ஒரே கிழமையில் எல்லாக் காயும் சந்தையில் குவிந்து அழுகுவது குறையும்.

இரண்டாவது, கிணற்று நீரின் மட்டத்தையும் உப்பையும் நைத்திரேற்றையும் ஒழுங்காக அளந்து ஊரறிய எழுதி வைக்க வேண்டும். இதற்குப் பெரும்பணம் தேவையில்லை. நீரின் உப்பை அளக்கும் கருவி கைக்குள் அடங்குவது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் இருக்கின்றது. கரடியனாற்றில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. ஊருக்கு ஊர் விஞ்ஞான ஆசிரியர் இருக்கின்றனர். சொட்டு நீர்ப்பாசனத்துக்கு உதவுவதாயின், உப்பு முதலில் ஏறும் கரைகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

மூன்றாவது, காப்புறுதியும் கொள்வனவும். கத்தரிக்கும் வெண்டிக்கும் பயற்றைக்கும் காப்புறுதி வேண்டும். விளையும் ஊரிலேயே நிறுத்து வாங்கும் கூட்டுறவு வேண்டும். 2014 இல் மண்முனைத்துறையில் பாலம் திறக்கப்பட்டபின் இரு கரைகளும் நெருங்கிவிட்டன. படுவான்கரை நெல்லும் எழுவான்கரை மரக்கறியும் ஒரே கூட்டுறவின் கணக்கில் ஏறுவதற்குத் தடையென்ன?

உத்தியோக நண்பர்களே! உங்களுட் பலர் இந்தத் தோட்டங்களின் வருவாயாற் படித்து உயர்ந்தவர்கள். மனு எழுதவும், சட்டத்தைப் புரட்டவும், நீரை அளக்கவும் உங்களுக்குத் தெரியும். அந்த அறிவை மாதத்தில் ஒரு நாளாவது ஊருக்குத் தாருங்கள். கமக்காரப் பெருமக்களே! அரசாங்கம் அழைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வருகின்ற மாரிக்கு முன் ஓர் ஊரிலாவது, ஒரு கோயில் வீதியிலாவது, உங்கள் ஆரம்பக் கூட்டத்தை நீங்களே கூட்டுங்கள். பத்துப் பேர் வந்தாலும் போதும். எத்தனை பேர் என்ன நடப்போகின்றீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் கிணறுகளின் மட்டத்தை அதன் கீழ் எழுதுங்கள். அந்தத் தாளோடு அதிகாரியிடம் செல்லும்போது நீங்கள் இரப்போராகச் செல்லமாட்டீர்கள். கணக்குக் காட்டி உரிமை கேட்போராகச் செல்வீர்கள்.

வயலும் வேளாண்மை, தோட்டமும் வேளாண்மை. அந்தச் சொல்லை முதலில் நம் நாவில் திருத்துவோம். பின்னர் நாட்டின் சட்டத்திலும் திருத்துவோம்.